அன்றாட எஸ்யூவியை மிதமான ஆஃப்ரோடு பயணத்துக்குப் படிப்படியாகத் தயார்செய்வது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது: வார நாட்களில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓடுகிற, ஆல் வீல் டிரைவ் வசதியுள்ள நடுத்தர எஸ்யூவி ஒன்று உங்களிடம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் அதையே மண்பாதைகளிலும், சரளை ஏற்றங்களிலும், கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் தடங்களிலும், சிறு ஓடைகளிலும் ஓட்ட விரும்புகிறீர்கள். லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகங்கள்), பெரிய டயர், இரும்பு பம்பர், வின்ச் (வண்டியை வடத்தால் இழுக்கும் மோட்டார் உருளை), கூரை ரேக் என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். என் பதில், முதலில் டயரும் காற்றழுத்தமும், அடுத்து மீட்புக் கருவிகள், பிறகு அடிப்பகுதிப் பாதுகாப்பு, அதன் பின்னும் தேவைப்பட்டால் மட்டும் சிறிய அளவில் லிஃப்ட். இரும்பு பம்பர், வின்ச், கனமான கூரை ரேக் ஆகியவை உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இந்த வரிசைக்கான காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வண்டி பாதையில் நின்றுபோவது பெரும்பாலும் நான்கு காரணங்களால்தான்: சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்காமல் போகலாம், வயிற்றுப்பகுதி மேட்டில் உட்கார்ந்துவிடலாம், முன் அல்லது பின் பம்பர் தரையில் முட்டலாம், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கி வீணாகச் சுழலலாம். இந்த நான்கில் உங்கள் வண்டியை உங்கள் பாதையில் எது நிறுத்துகிறது என்பது தெரியாமல் வாங்கும் எந்த உதிரிபாகமும் ஊகத்தின் பேரில் செய்யும் செலவே. ஆகவே நல்ல நிலையில் இருக்கும் ஒரு வண்டியை, எந்த மாற்றமும் செய்யாமல், எளிய தடங்களில் சில முறை ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் கட்டம். நல்ல நிலை என்று நான் சொல்வது சஸ்பென்ஷன் புஷ்கள், பால் ஜாயின்ட்கள், சிவி ஜாயின்ட்டின் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும், வளைந்துகொடுக்கும் மூட்டு) ரப்பர் உறைகள், வீல் பேரிங், பிரேக், கூலன்ட், பேட்டரி ஆகியவற்றில் குறையில்லாத நிலையை. சாலையில் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கும் ஒரு கிழிந்த ரப்பர் உறை, சேற்றிலும் மணலிலும் ஒரே நாளில் ஒரு ஜாயின்ட்டையே பாழாக்கிவிடும்.

அப்படி ஓட்டித் திரும்பிய மறுநாள், வண்டியைக் கழுவுவதற்கு முன்பே, டார்ச் விளக்குடன் அடியில் குனிந்து பாருங்கள். புழுதி படிந்த பரப்பில் புதிய உரசல்கள் பளிச்சென்று தெரியும். முன் பம்பரின் கீழ் உதட்டில் கீறல் இருந்தால் முன் அணுகுகோணம், அதாவது பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின் கோணம், போதவில்லை என்று பொருள். எக்ஸாஸ்ட் குழாயின் நடுப்பகுதி நசுங்கியிருந்தால் மேட்டைக் கடக்கும்போது வயிறு இடித்திருக்கிறது. பின் பம்பரின் அடி உரசியிருந்தால் பள்ளத்திலிருந்து வெளியேறும் கோணம் குறைவு. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மில் மட்டும் கீறல்கள் இருந்தால் வண்டியில் பெரிய குறையில்லை. சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் ஏற்றுவது என்ற தேர்வில்தான் கவனம் வேண்டும். இந்த உரசல்களை ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பதை எந்த விற்பனையாளரையும்விட அந்தப் படங்கள் சரியாகச் சொல்லும்.

இனி டயர். வண்டிக்கும் தரைக்கும் இடையில் இருப்பது அது ஒன்றுதான் என்பதால் செலவுக்கேற்ற பயன் மிக அதிகமாகக் கிடைப்பதும் இங்கேதான். தொழிற்சாலையிலிருந்து வரும் சாலை டயர்களில் பள்ளங்கள் ஆழமற்றவை, பக்கச்சுவர் மெல்லியது. சேறு பள்ளங்களை நிரப்பிவிட்டால் டயர் வழவழப்பான உருளையாகிவிடுகிறது. கூரான கல் பக்கச்சுவரைக் கிழித்துவிடுகிறது. சேற்றுக்கென்றே செய்யப்பட்ட எம்டி டயர்கள் இதற்கு நேரெதிரானவை: சேற்றில் சிறப்பாக இருக்கும், ஆனால் சாலையில் இரைச்சல், விரைவான தேய்மானம், ஈரமான தாரில் நீண்ட பிரேக் தூரம் என்று அன்றாட ஓட்டத்தைக் கெடுக்கும். தினமும் குடும்பத்தோடு சாலையில் போகும் வண்டிக்கு ஆல் டெரெய்ன் எனப்படும் ஏடி டயரே பொருத்தம். அதிலும் இலகுரக டிரக்குகளுக்கான எல்டி வகையை உடனே தேர்ந்தெடுக்க வேண்டாம். அது உறுதியானது என்றாலும் கனமானது. சாலையில் கூடுதல் காற்றழுத்தம் கேட்கும். மென்மையான சஸ்பென்ஷன் உள்ள மோனோகாக் வண்டியில் (தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த வண்டி) பயணத்தைக் கடினமாக்கும். லோடு இன்டெக்ஸும் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) வேகக் குறியீடும் கையேட்டில் சொல்லப்பட்டிருப்பதற்குக் குறையாத, பயணிகள் வண்டிக்கான ஏடி டயர் மிதமான பாதைகளுக்குப் போதும்.

அளவைப் பற்றிச் சொல்லும்போது ரிம்மைச் சிறியதாக்குவது பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். இன்றைய எஸ்யூவிகள் அழகுக்காக 18, 19 அங்குல ரிம்களுடன் வருகின்றன. 235/55 ஆர்18 டயரை எடுத்துக்கொள்ளுங்கள் (235 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 55 என்பது அகலத்தில் பக்கச்சுவரின் விழுக்காடு, 18 என்பது அங்குலக் கணக்கில் ரிம்): அதன் வெளிவிட்டம் சுமார் 716 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் 129 மி.மீ. அதே வண்டிக்கு 17 அங்குல ரிம்மில் 235/60 போட்டால் வெளிவிட்டம் சுமார் 714 மி.மீ. என்று கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும். பக்கச்சுவரோ 141 மி.மீ. ஆகிவிடும். அந்தக் கூடுதல் 12 மி.மீ. ரப்பர்தான் கல்லில் ஏறும்போது ரிம்மைக் காப்பதும், காற்றைக் குறைக்கும்போது வளைந்துகொடுப்பதும். 235/65 ஆர்17 என்று இன்னொரு படி ஏறினால் வெளிவிட்டம் 737 மி.மீ. ஆகும், தரை இடைவெளி 11 மி.மீ. அளவுக்குக் கூடும். அப்போது ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிடச் சுமார் 3 விழுக்காடு அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். எஞ்சினுக்கும் கியர் விகிதம் அதே அளவுக்குக் கடினமாகும். 3 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. சிறிய ரிம் பிரேக் கேலிப்பரில் இடிக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிய டயர் எங்காவது உரசுகிறதா என்பதை சமதளத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு முன்சக்கரத்தை உயரமான கல் அல்லது சரிவுப்பலகையின் மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். சில வாரம் ஓட்டிய பின் சக்கர வளைவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கையால் தடவிப் பார்த்தால், உரசும் இடம் மட்டும் தேய்த்து மெருகிட்டதுபோல் வழவழப்பாக இருக்கும். ஆல் வீல் டிரைவ் வண்டியில் நான்கு டயர்களும் ஒரே மாதிரியும் ஒரே அளவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமும் கொண்டவையாக இருப்பது கட்டாயம். சுற்றளவு வேறுபட்டால் முன்பின் ஆக்சில்கள் இடைவிடாமல் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, இரண்டையும் இணைக்கும் கிளட்ச் சூடாகித் தேயும். ஸ்டெப்னியும் அதே அளவில் முழுமையான டயராக இருக்க வேண்டும். தற்காலிகப் பயன்பாட்டுக்கான மெல்லிய ஸ்டெப்னியை நம்பிக் கற்பாதைக்குள் போகாதீர்கள்.

காற்றழுத்தம் செலவே இல்லாத மாற்றம். பலன் பார்த்தால் மற்ற எல்லாவற்றுக்கும் மேல். சாலையில் 33 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரைச் சரளைப் பாதையில் 25 முதல் 28 வரைக்கும், கற்களிலும் சேற்றிலும் 20 முதல் 22 வரைக்கும், இளகிய மணலில் 16 முதல் 18 வரைக்கும் குறைக்கலாம். வால்வின் அருகே மண்டியிட்டு, காற்றைக் கொஞ்சம் விட்டு அளந்து, மீண்டும் விட்டு அளந்தால் மாற்றம் கண்ணெதிரிலேயே தெரியும்: தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் மெல்லப் புடைக்கும், தரையில் பதியும் தடம் முன்னும் பின்னுமாக நீளும். அந்த நீண்ட தடம்தான் பிடிமானத்தைத் தருகிறது. டயர் கல்லின் மேல் குதிக்காமல் அதன் வடிவத்துக்கு ஏற்ப அமுங்கிப் போகிறது. உள்ளே இருப்பவர்களுக்குக் குலுக்கலும் குறைகிறது. ஆனால் 15 பிஎஸ்ஐக்குக் கீழே போனால், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்றைக் குறைத்த பின் வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும்; 20க்குக் கீழே இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருங்கள். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பாமல் வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கலாம். எனவே நல்ல கேஜ் ஒன்றும், பேட்டரி முனைகளில் நேரடியாக இணைக்கும் வகைக் கம்ப்ரஸர் ஒன்றும் டயரோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய கம்ப்ரஸர்கள் நான்கு டயர்களையும் நிரப்புவதற்குள் சூடாகி நின்றுவிடுவது உண்டு.

மீட்புக் கருவிகளில் அலட்சியத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் இங்கே தவறு நேர்ந்தால் உயிர் போகும். பம்பரின் மூடியைத் திறந்து திருகிப் பொருத்தும் இழுவைக் கொக்கி, பழுதான வண்டியைச் சமதளத்தில் மெதுவாக இழுத்துச் செல்வதற்கு மட்டுமே ஆனது. சேற்றில் புதைந்த வண்டியைத் திடீரென்று விசையோடு வெட்டி இழுக்கும்போது அது முறிந்து எறிகணைபோலப் பாயலாம். டிரெய்லர் மாட்டும் பந்துக்கொக்கியில் கயிறு மாட்டி இழுத்தபோது அது பிய்த்துக்கொண்டு கண்ணாடியைத் துளைத்து, உள்ளே இருந்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் வண்டிக்கென்று, சப்ஃபிரேமோடு (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் உலோகச் சட்டம்) போல்ட் செய்யும்படி தயாரிக்கப்பட்டு, தாங்கும் எடை பொறிக்கப்பட்ட மீட்புப் புள்ளி கிடைத்தால் முன்னும் பின்னும் ஒவ்வொன்று பொருத்துங்கள். கிடைக்காவிட்டால் வெட்டி இழுக்கும் முறையையே தவிர்த்து, மண்வெட்டி ஒன்றும் பிளாஸ்டிக் மீட்புப் பலகைகள் ஒரு ஜோடியும் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் முன்னால் மண்ணைத் தோண்டி, சரிவு உண்டாக்கி, பலகையை டயருக்கு அடியில் நன்றாகச் செருகி, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்துவது அதிக நேரம் பிடிக்கும். ஆனால் தனியாகச் செல்லும் சாதாரண எஸ்யூவிக்கு அதுவே பாதுகாப்பான வழி. கூடியவரை இன்னொரு வண்டியோடு சேர்ந்தே போங்கள்.

அடுத்தது அடித்தகடு. பெரும்பாலான எஸ்யூவிகளில் எஞ்சினுக்கு அடியில் இருப்பது தண்ணீரும் தூசியும் தெறிக்காமல் தடுக்கும் பிளாஸ்டிக் உறைதான். கல்லை அது தடுக்காது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில் விழும் ஒரு விரிசல் பயணத்தையே அங்கே முடித்துவிடும். 80 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட தகட்டை 3 மி.மீ. எஃகில் செய்தால் சுமார் 11 கிலோ, 5 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் சுமார் 6½ கிலோ. எஃகு கல்லின் மேல் எளிதாக வழுக்கிச் செல்லும், வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலுமினியம் எடையைக் குறைக்கும், ஆனால் கூரான கல்லில் சற்றே கடித்துக்கொள்ளும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு நான் அலுமினியத்தையே பரிந்துரைப்பேன். எந்த உலோகமாக இருந்தாலும் தகடு சப்ஃபிரேமில் பொருந்த வேண்டும். சம்ப்புக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். ஆயில் மாற்றுவதற்கும் காற்று செல்வதற்கும் துளைகள் இருக்க வேண்டும். தகட்டின் மேல் காய்ந்த புல்லும் சருகும் சேர்ந்து எக்ஸாஸ்ட்டின் சூட்டில் தீப்பிடிக்க வாய்ப்புண்டு என்பதால் அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். எஞ்சினுக்கு அடுத்து கியர்பாக்ஸ், பின் டிஃபரென்ஷியல் (இட, வலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பற்சக்கர அமைப்பு), எரிபொருள் தொட்டி ஆகியவற்றில் எதற்குத் தகடு தேவை என்பதை நீங்கள் எடுத்துவைத்த உரசல் படங்களிலிருந்து தீர்மானியுங்கள்.

லிஃப்ட்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 2,600 மி.மீ., நடுவில் தரை இடைவெளி 200 மி.மீ. உள்ள வண்டி கடக்கக்கூடிய மேட்டின் கோணம் தோராயமாக 17½ டிகிரி. 25 மி.மீ. உயர்த்தினால் அது 19½ டிகிரி ஆகும். பயனுள்ள முன்னேற்றம்தான், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களும் தனித்தனிச் சஸ்பென்ஷனில் இயங்கும் வண்டியை உயர்த்தும்போது டிரைவ் ஷாஃப்ட்டுகள் சாய்ந்த கோணத்தில் வேலை செய்யத் தொடங்குகின்றன; சிவி ஜாயின்ட்டும் அதன் ரப்பர் உறையும் சீக்கிரம் தேய்கின்றன; சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வான கேம்பர் கோணம் மாறி டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது; வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சாலையில் திடீரென்று ஒதுங்கும்போது சாய்வு கூடுகிறது. ஆகவே இப்படிப்பட்ட வண்டியில் 25 முதல் 40 மி.மீ. வரைதான் விவேகமான எல்லை.

அதைச் செய்யும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்டிரட்டின் மேல் ஸ்பேசர் எனப்படும் இடைத்துண்டை வைப்பது மலிவானது, ஆனால் அது உயரத்தை மட்டுமே தரும். சக்கரம் பள்ளத்தில் முழுவதுமாக இறங்கும்போது ஜாயின்ட்டின் கோணம் தொழிற்சாலை வகுத்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பழையபடியே இருக்கும். நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்குகளையும் அவற்றுக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்து மாற்றுவதே சரியான வழி. பழைய ஷாக் அப்சார்பர்கள் இயல்பாகத் தேய்ந்து மாற்ற வேண்டிய காலம் வரும்வரை காத்திருந்தால் செலவில் ஒரு பகுதி எப்படியும் செய்ய வேண்டியதாகவே இருக்கும். மாற்றியவுடன் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட்டின் சாய்வு, முன்பக்கக் கேமராவும் ரேடாரும் இருந்தால் அவற்றின் அளவீட்டுச் சீரமைப்பு ஆகிய மூன்றையும் செய்தாக வேண்டும். கேமராவை நம்பித் தானாகப் பிரேக் பிடிக்கும் வண்டியில் மூன்றாவதை விட்டுவிடுவது ஆபத்து.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் சிக்கலைப் பலர் உதிரிபாகம் வாங்கித் தீர்க்க நினைக்கிறார்கள். சாதாரண டிஃபரென்ஷியலில் சுழற்சி விசை எளிதாகச் சுழலும் சக்கரத்தின் வழியே வீணாகிறது. இன்றைய வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு விசையைத் திருப்புகிறது. இது வேலை செய்ய ஓரிரு விநாடிகள் பிடிக்கும் என்பதால் சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிடாமல் ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்திருக்க வேண்டும். மணலிலோ ஆழமான சேற்றிலோ அதே அமைப்பு எஞ்சினின் சக்தியைக் குறைத்து வண்டியை நிறுத்திவிடலாம். அங்கே அதை அணைத்துவிட்டு ஓட்டுவது உதவும். நீண்ட நேரம் சக்கரங்களைச் சுழலவிட்டால் ஆல் வீல் டிரைவ் கிளட்ச் சூடாகி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின்சக்கரங்களுக்குப் போகும் விசை நின்றுவிடும். அப்போது வண்டியை நிறுத்தி ஆறவிடுவதுதான் வழி. பிடிமானமுள்ள கல்லைப் பார்த்துச் சக்கரத்தை வைப்பதும், குறுக்குப் பள்ளத்தைச் சாய்வாகக் கடப்பதா நேராகக் கடப்பதா என்று இறங்கி நடந்து பார்த்து முடிவு செய்வதும் பல தடைகளை உதிரிபாகம் இல்லாமலே தீர்த்துவிடும்.

இனி நீங்கள் பட்டியலிட்ட கனமான பொருட்கள். ஒரு நடுத்தர எஸ்யூவி சட்டப்படி சுமக்கக்கூடிய எடை பெரும்பாலும் 400 முதல் 500 கிலோ வரைதான். 75 கிலோ எடையுள்ள ஐந்து பேர் ஏறினாலே 375 கிலோ ஆகிவிடுகிறது. இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 80 கிலோவை எளிதில் தாண்டும். அந்த எடை முழுவதும் முன் ஆக்சிலுக்கு முன்னால் தொங்கி, முன் ஸ்பிரிங்கை அமுக்கி, லிஃப்ட்டில் கிடைத்த உயரத்தையே தின்றுவிடும். மோனோகாக் வண்டியின் முன்பகுதி மோதலின்போது நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஏர்பேக் விரியும் நேரமும் அந்த நசுங்கலை வைத்தே கணக்கிடப்பட்டிருக்கிறது. அங்கே விறைப்பான இரும்பைப் பொருத்துவது உள்ளே இருப்பவர்களுக்கும் நடந்து செல்பவர்களுக்கும் கேடு. கூரையில் ஓட்டத்தின்போது வைக்கக்கூடிய எடையும் பல வண்டிகளில் 75 முதல் 100 கிலோ வரைதான். ரேக்கின் சொந்த எடையும் அதற்குள் அடங்க வேண்டும். கனமானவற்றைப் பின்னிருக்கைக்கு அருகே தாழ்வாக வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

ஓடைகளைப் பொறுத்தவரை, கையேட்டில் குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குள் இருந்தால், எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்னார்க்கெல் குழாய் தேவையில்லை. எஞ்சினுக்குக் காற்று எங்கிருந்து போகிறது என்பதை போனெட்டைத் திறந்து பார்த்துத் தெரிந்து வைத்திருங்கள். தண்ணீர் அதன் வழியே சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கூடுதல் விளக்கு பொருத்துவதாக இருந்தால் ரிலேயும் ஃபியூஸும் தனியாக வையுங்கள். டயர் அளவு, லிஃப்ட், பம்பர் ஆகியவற்றில் எது அனுமதிக்கப்பட்டது என்பது நாட்டுக்கு நாடு மாறும். மாற்றத்துக்கு முன்பே பதிவு விதிகளைப் பார்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு சில மாதம் அன்றாடம் ஓட்டிப் பார்த்தே அடுத்ததற்குச் செல்லுங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் புதிதாக எழும் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் எது காரணம் என்று கண்டுபிடிப்பது கடினம். கழற்றி மாட்டிய வீல் நட்டுகளையும் தகட்டின் போல்ட்டுகளையும் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். டயர், தகடு, 25 மி.மீ. உயரம் ஆகிய மூன்றும் செய்த பிறகும் உங்களுக்குப் பிடித்த பாதைகளில் செங்குத்தான கல் ஏற்றங்களே தொடர்ந்து வண்டியை நிறுத்தினால், அங்கே தேவைப்படுவது, மெதுவான வேகத்தில் அதிக இழுவிசை தரும் லோ ரேஞ்ச் கியரும், இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும்படி பூட்டக்கூடிய டிஃபரென்ஷியலும். அவற்றை இந்த வண்டிக்குள் கொண்டுவர முயல்வதைவிட, அவை இரண்டும் உள்ள லேடர் ஃபிரேம் வண்டி (ஏணி வடிவத் தனிச் சட்டத்தின் மேல் உடல் அமைந்தது) ஒன்றை, பழையதாக இருந்தாலும், வாங்குவது செலவிலும் பாதுகாப்பிலும் மேலானது.